கடல்மீது பதினொரு மாதக் குடித்தனம்

பழைய பயண நூல்களைத் தேடிப் படிக்கும் வழக்கம் நமக்கு நெடுநாளாக உண்டு. அவற்றில் பெரும்பாலானவை சென்ற இடங்களைப் பற்றிப் பேசுமேயன்றிச் சென்ற ஊர்தியைப் பற்றிப் பேசா. மலையும் கோயிலும் சந்தையும் பக்கம் பக்கமாக வரும். எதில் ஏறிச் சென்றார், அதற்குள் எப்படி உறங்கினார், குடிநீர் எங்கிருந்து வந்தது, பழுதுபட்டால் யார் செப்பனிட்டார் என்பனவெல்லாம் இரண்டு வரியில் முடிந்துவிடும். இந்தக் குறையில்லாத ஒரு நூல் 1878இல் இலண்டனில் வெளிவந்தது. எழுதியவர் அன்னி பிராசி என்னும் ஆங்கிலப் பெண்மணி. 'சன்பீம்' என்ற தம் குடும்பக் கப்பலில் 1876 ஜூலை முதல் 1877 மே வரை உலகைச் சுற்றி வந்த கதை அது. நூலின் துணைத் தலைப்பில், கடல்மீது பதினொரு மாதம் தமக்கு வீடாயிருந்தது அக்கப்பல் என்று குறிப்பிடுகிறார்.

அந்தத் துணைத் தலைப்பைத் தமிழாக்க முயன்றபோதுதான் நாம் முதலில் தடுமாறினோம். ஆங்கிலத்தில் ஒரே சொல் போதுமாயிருக்கிறது. தமிழிலோ 'நம் வீடு' என்பதா, 'எங்கள் வீடு' என்பதா? முன்னிலையாரையும் உளப்படுத்தும் பன்மை ஒன்று, விலக்கும் பன்மை ஒன்று என்று இரண்டு வைத்திருக்கும் மொழி நம்முடையது. கப்பலில் புறப்பட்டவர்கள் நாற்பத்து மூவர். பிராசி தம்பதியும் நான்கு குழந்தைகளும் விருந்தினர் சிலரும் போக, மற்றையோர் மாலுமிகள், பொறியாளர்கள், கொதிகலனுக்குக் கரி தள்ளுவோர், சமையற்காரர்கள், பரிசாரகர்கள், தாதி, பணிப்பெண்கள். இவர்களோடு இரண்டு நாய்கள், மூன்று பறவைகள், கைக்குழந்தைக்கென்று ஒரு பாரசீகப் பூனைக்குட்டி. இத்தனை பேருக்கும் அது வீடா? அல்லது சிலருக்கு வீடாகவும் பலருக்கு வேலைத்தலமாகவும் இருந்ததா? இந்தக் கேள்வி நூல் முழுவதும் நம் பின்னாலேயே வந்தது.

கடலும் பெண்ணும் என்றவுடன் தமிழ் படித்தவர்க்குத் தொல்காப்பிய அகத்திணையியலின் ஒரு நூற்பா நினைவுக்கு வராமற் போகாது. முந்நீர் வழக்கம் பெண்ணோடு கூடியதன்று என விலக்கும் நூற்பா அது. இளம்பூரணர் முந்நீர் என்பதற்குக் கடல் என்றே பொருள் கொண்டார்; நச்சினார்க்கினியர் அதனை ஓதல், தூது, பொருள் என்னும் மூவகைப் பிரிவாகப் பிரித்துப் பொருள் சொன்னார். எது சரி என்ற வழக்கை இங்கே தொடங்கினால் கட்டுரை கரை சேராது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் எழுதப்பட்ட விதி ஏதும் இல்லாவிடினும், சிறு குழந்தைகளோடு ஒரு தாய் பெருங்கடல்களைக் கடப்பது வழக்கமன்று என்பது மட்டும் உறுதி.

அன்னி ஆல்நட் 1839இல் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்து பாட்டனாரிடம் வளர்ந்தவர். மார்புச்சளி அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை. இளம்பெண்ணாக இருந்தபோது பாவாடையில் தீப்பற்றிக் கடுமையாகச் சுடுபட்டுப் பல மாதம் படுக்கையில் கிடந்ததாகவும் அறிகிறோம். 1860இல் தாமஸ் பிராசியை மணந்தார். இவருடைய மாமனாரும் தாமஸ் பிராசி என்னும் பெயரினரே. உலகின் பல நாடுகளில் இருப்புப்பாதை போட்ட பெரும் ஒப்பந்தக்காரர். கிரீமியப் போர்க்களத்துக்கு 1855இல் இரயில்பாதை அமைத்தவர்களுள் ஒருவர். 1870இல் அவர் இறந்தபோது விட்டுச்சென்ற செல்வம் பல இலட்சம் பவுன். ஆயிரக்கணக்கான மண்வெட்டித் தொழிலாளர்களின் உழைப்பில் திரண்ட செல்வம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மகன் பிராசி ஹேஸ்டிங்ஸ் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். 1872இல் உழைப்பும் கூலியும் பற்றி ஒரு நூலே எழுதியவர். நாட்கூலி குறைவாயிருப்பதனாலேயே வேலை மலிவாகிவிடாது என்பது அவர் வாதம். கூலியைப் பற்றி நூலெழுதிய ஒருவரின் கப்பலில் கரி தள்ளியோரின் நாள் எப்படிக் கழிந்தது என்று அறிய ஆவல் எழுவது இயல்பே.

சன்பீமுக்கு முன்பே இத்தம்பதிக்குக் கப்பல் வாழ்க்கை பழக்கம். 1869இல் 'மீட்டியர்', 1872இல் 'ஈயோத்தன்' எனப் பயணங்கள் நடந்தன. இரண்டையும் பற்றி அன்னி எழுதியவை நண்பர்களுக்கென்று தனிச்சுற்றுக்கு அச்சாயின. 1873 ஜனவரியில் அவர்களுடைய சிறுமகள் கான்ஸ்டன்ஸ் செம்புள்ளிக் காய்ச்சலில் இறந்தாள், வயது நான்கு. வீட்டில் அவளைச் செல்லமாக அழைத்த பெயர் சன்பீம், அதாவது கதிரொளி. மறு ஆண்டு நீரில் இறக்கப்பட்ட கப்பலுக்கு அந்தப் பெயரையே இட்டார்கள். கப்பலின் முகப்பில் பொன்முலாம் பூசிய குழந்தையுருவம் ஒன்றையும் பொருத்தினார்கள். நூலில் இதைப்பற்றி உருக்கமான பேச்சு எதுவும் இல்லை.

கப்பலை வரைந்தவர் லிவர்பூலைச் சேர்ந்த செயின்ட் கிளேர் பர்ன். இரும்புச் சட்டத்தின்மேல் தேக்குப் பலகை அறைந்த கட்டுமானம், மூன்று பாய்மரங்கள், நிறை ஏறத்தாழ 530 டன். பாய்க்கப்பலாகவே வடிவமைக்கப்பட்டுத் துணைக்கு நீராவிப் பொறி வைக்கப்பட்டது. எழுபது பெயரளவுக் குதிரைத்திறன். கரிக்கிடங்கு 80 டன் கொள்ளும். நாளொன்றுக்கு நான்கு டன் எரித்தால் மணிக்கு எட்டுக் கடல்மைல் போகலாம். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் யோசித்தால் அந்தக் காலத்துக் கடற்பயணத்தின் உயிர்நிலை விளங்கும். எண்பது டன் என்பது இருபது நாள். இருபது நாளில் ஏறக்குறைய 3,800 கடல்மைல். தென்னமெரிக்காவின் வால்பரைசோ துறைமுகத்திலிருந்து தாகித்தித் தீவுக்கு உள்ள தொலைவு அதைவிட அதிகம். எனவே பசிபிக்கைக் கடக்கப் பொறியை நம்ப முடியாது. காற்றைத்தான் நம்ப வேண்டும். காற்று வீழ்ந்த இடங்களிலும் மகெல்லன் நீரிணை போன்ற குறுகிய வழிகளிலும் துறைமுக வாயில்களிலும் மட்டும் அடுப்பை மூட்டினார்கள். பாயில் செல்லும்போது திருகுவிசிறி நீரைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும். அதற்காக அதன் இதழ்களை ஓட்டத்திசைக்கு இணையாகத் திருப்பி வைக்கும் ஏற்பாடு இருந்தது.

ஆயின் பொறி ஓடாதபோதும் பொறிக்காரருக்கு ஓய்வில்லை. குளிர்ந்த கொதிகலனை ஆவியேறச் செய்யப் பல மணி நேரம் பிடிக்கும். சாம்பல் அள்ள வேண்டும், குழாய்களின் கசடு நீக்க வேண்டும், பித்தளையைத் துலக்க வேண்டும். கரியேற்றும் நாளில் கப்பல் முழுதும் கருந்தூள் படியும். அறைகளை அடைத்துவிட்டு வீட்டார் கரைக்குப் போய்விடுவது வழக்கம். திரும்பி வரும்போது மேல்தளம் கழுவித் துடைத்து வெண்மையாக இருக்கும். அதைக் கழுவியவர் யார் என்று பயண நூல்கள் சொல்வதில்லை. அன்னியின் நூலுக்கு இவ்வகையில் ஒரு சிறப்புண்டு. தொடக்கத்திலேயே கப்பலில் இருந்த அனைவர் பெயரையும், கரி தள்ளுவோர், தாதி உட்பட, பட்டியலாகத் தந்துவிடுகிறார். பெயர் தந்த அளவுக்கு அவர்களுக்குப் பேச்சுத் தரவில்லை என்பது நம் மனக்குறை.

புறப்பட்ட சில நாட்களிலேயே கடல் தன் முகத்தைக் காட்டியது. பிஸ்கே விரிகுடாவை அடுத்த கடலில் ஒரு பேரலை மேல்தளத்தை முழுவதும் மூடிற்று. மகனும் மூத்த மகளும் அடித்துச் செல்லப்படும் நிலையில் இருந்தார்கள். விருந்தினராக வந்திருந்த கேப்டன் லெக்கி அலை வருவதைக் கண்டு கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு சிறுமியைப் பற்றிக்கொண்டார். (இந்த லெக்கிதான் பின்னர் 1881இல் மாலுமிக்கலை பற்றி ஒரு நூல் எழுதி மாலுமிகளிடையே பெரும்பெயர் பெற்றவர்.) அன்றிரவு காற்றுக்காகத் திறந்துவைத்த மேற்சாளரம் வழியாக நீர் உள்ளே பாய்ந்து படுக்கைகள் நனைந்தன. நனையாத இடம் தேடி அலைந்ததை அன்னி சிரித்துக்கொண்டே எழுதுகிறார். அவருக்குக் கடல்நோய் வேறு ஓயாத தொல்லை. ஆயிரக்கணக்கான மைல் கடலில் வாழ்ந்த இப்பெண்மணிக்குக் கடைசிவரை அது முற்றாக நீங்கவில்லை.

1876 செப்டம்பர் 28. தென்னமெரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டித் தெற்கே போய்க்கொண்டிருக்கையில் அபாயக்கொடி ஏற்றிய கப்பல் ஒன்று தென்பட்டது. பெயர் 'மங்ஸ்ஹேவன்'. வேல்ஸ் நாட்டு ஸ்வான்சியிலிருந்து உருக்காலைக் கரி ஏற்றிக்கொண்டு வால்பரைசோவுக்குப் புறப்பட்ட சரக்குக் கப்பல். சரக்கே தீப்பிடித்துவிட்டது. கரி தானே கனன்று எரியத் தொடங்கும் இயல்புடையது. கிடங்கில் அடைபட்ட வெப்பம் வெளியேற வழியில்லாமல் உள்ளுக்குள் புழுங்கும். புகை வெளிப்படும் வேளையில் காரியம் கைமீறிவிட்டிருக்கும். சில நாட்களுக்கு முன் ஒரு நீராவிக் கப்பல் இவர்களைக் காணாததுபோல் கடந்து போய்விட்டதாம். பிராசி அவர்கள் பதினைவரையும் ஏற்றிக்கொண்டார். கைவிட்ட கப்பல் தொலைவில் எரிவதைச் சன்பீமின் மேல்தளத்திலிருந்து பார்த்தார்கள்.

நாற்பது சொச்சம் பேருக்கென்று கணக்கிட்ட வீட்டில் பதினைந்து விருந்தாளிகள். இங்கேதான் அன்னியின் எழுத்தில் குடும்பத்தலைவி தலைகாட்டுகிறார். படுக்க இடம், உண்ண உணவு, எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர். அளந்து வழங்கத் தொடங்கினார்கள். ஏறக்குறைய ஒரு வாரம் இப்படிப் போயிற்று. மகெல்லன் நீரிணையில் எதிர்ப்பட்ட 'இல்லிமானி' என்னும் அஞ்சல் கப்பலில் அவர்களை ஏற்றிவிட்டபோது ஏற்பட்ட நிம்மதியை அவர் மறைக்கவில்லை. புண்ணியம் கட்டிக்கொண்டோம் என்ற தொனி இன்றிச் சரக்கறைக் கணக்கோடு அதைச் சொல்வதே அந்தப் பகுதியை நம்பத் தக்கதாக்குகிறது.

பின்னர் சிலி, தாகித்தி, ஹவாய், ஜப்பான், ஹாங்காங், சிங்கப்பூர், பினாங்கு. 1877 மார்ச் இறுதியில் இலங்கை. கொழும்பும் கண்டியும் பேராதனைப் பூங்காவும் காலியும் அவர் குறிப்புகளில் இடம்பெறுகின்றன. அப்போது இலங்கையின் கப்பல் மையம் காலி. கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு 1875இல்தான் அடிக்கல் இட்டிருந்தார்கள். பத்தாண்டுகளில் அச்சுவர் எழுந்ததும் நீராவிக் கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்புக்கு மாறின. நீராவிக் கப்பலுக்கு வேண்டியது அலையடங்கிய இடமும் விரைவாகக் கரியேற்றும் ஆட்களுமே. அந்த ஆட்களுள் தென்னிந்தியாவிலிருந்து போன நம்மவரும் இருந்தனர். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு சென்று கூடையில் கரி சுமந்தோரின் நாட்குறிப்பு எதுவும் நம்மிடம் இல்லை. இருந்திருந்தால் ஒரு துறைமுக நாள் எப்படி முடியும் என்பதை இருபுறமிருந்தும் படித்திருக்கலாம்.

நூல் வெளிவந்தவுடன் பெரும்புகழ் பெற்றது. பதிப்புமேல் பதிப்பு கண்டு, பல ஐரோப்பிய மொழிகளுக்கும் போயிற்று. 1881இல் மலிவுப் பதிப்பும் வந்தது. நாட்குறிப்பாக எழுதித் தந்தைக்கு அனுப்பிய கடிதங்களே நூலுக்கு மூலம் என்பதால் அலங்காரம் குறைவு. ஒளிப்படக் கலையிலும் அவர் தேர்ந்தவர். கப்பலிலேயே இருட்டறை வைத்துக் கண்ணாடித் தகடுகளைக் கழுவினார். அவர் சேர்த்த எழுபது படத்தொகுப்புகள் இப்போது கலிபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகத்தில் உள்ளன. ஆடும் தளத்தில், நன்னீர் அருமையான இடத்தில், படம் கழுவுவதென்பது என்ன பாடு என்று அறிந்தவர் அறிவர்.

இங்கே சிறிது முன்னே ஓடிவிட்டுத் திரும்புவோம். சன்பீம் போன்ற கப்பல் ஒரு சீமானின் அரண்மனை. அதன்பின் உள்ளெரி பொறி வந்தது. ஆவியும் கரியும் கரி தள்ளுவோரும் போயினர். 1902இல் வில்லியம் நியூமன் என்னும் கேப்டன் தம் பதினாறு வயது மகனை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு, 38 அடிப் படகில், மண்ணெண்ணெய்ப் பொறி ஒன்றை நம்பி, நியூயார்க்கிலிருந்து இங்கிலாந்தின் பால்மத்துக்கு முப்பத்தாறு நாளில் போய்ச் சேர்ந்தார். படகின் பெயர் 'ஆபியல் ஆபட் லோ'. வழியில் எண்ணெய்த் தொட்டிகள் கசியத் தொடங்கிவிட்டன. அடித்தளத்தில் தேங்கிய மண்ணெண்ணெயின்மேல் படுத்து, அதன் நெடியையே சுவாசித்து, அதே எண்ணெயால் ஓடும் பொறியையும் பேண வேண்டியிருந்தது. தகப்பனும் மகனும் மாறிமாறி விழித்தார்கள். சன்பீமில் நாற்பது பேர் பகிர்ந்துகொண்ட வேலை இங்கே இருவர் தலையில். 1912இல் தாமஸ் பிளெமிங் டே என்ற பத்திரிகையாசிரியர் மூன்று துணைவரோடு 35 அடி 'டெட்ராய்ட்' படகில் அட்லாண்டிக்கைக் கடந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வரை போனார். 1921-22இல் கோவன் தம்பதியின் 98 அடி 'ஸ்பீஜாக்ஸ்' உலகைச் சுற்றிய முதல் மோட்டார்ப் படகு எனப் பெயர் பெற்றது. பசிபிக்கில் ஒரு பெருந்தொலைவு அதனை ஒரு கப்பல் இழுத்துச் சென்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எண்ணெய் போதாது, பிராசியின் எண்பது டன் கணக்கேதான், வேறு வடிவில்.

அந்தக் கணக்கைச் சிறு குடும்பத்துக்கு எட்டும்படி தீர்த்தவர் இராபர்ட் பீபி என்னும் அமெரிக்கக் கடற்படை அதிகாரி எனலாம். சிங்கப்பூரில் கட்டிய 50 அடி 'பாசேஜ்மேக்கர்' படகில் 1963இல் இந்தியப் பெருங்கடலைக் கடந்து கிரேக்கம் சேர்ந்தார். சுமார் 6,000 மைல், ஆறு வாரம். வேகத்தைக் குறைத்தால் எண்ணெய்ச் செலவு வெகுவாகக் குறையும் என்பதே அவர் கண்ட வழி. எட்டு கடல்மைலுக்கும் சற்றுக் குறைந்த வேகம். ஏறத்தாழ சன்பீமின் வேகமே. இன்று இவ்வகைப் படகில் அயல்நாட்டுக் கடல்களில் வாழ்வோர் தாமே கரி தள்ளுவோர், தாமே பொறியாளர், தாமே தாதி. டீசலில் நீர் கலந்திருக்கிறதா என்று வடிகட்டிக் கிண்ணத்தைப் பார்ப்பதும், கடல்நீர் இறைக்கும் இறைப்பியின் இரப்பர்ச் சக்கரம் தேய்ந்ததா என்று சோதிப்பதும், அரிப்பைத் தான் ஏற்றுக்கொண்டு திருகுவிசிறியைக் காக்கும் துத்தநாகத் தகட்டை மாற்றுவதும் அன்றாடம். மாற்றுப் பாகம் ஒன்றுக்காக ஏதோ ஒரு தீவின் சுங்க அலுவலகத்தில் வாரக்கணக்கில் காத்திருப்பதும் இவ்வாழ்வில் அடக்கம். 'எங்கள் வீடு' என்று அவர்கள் சொன்னால் இலக்கணக் குழப்பம் எழாது.

சன்பீமுக்குத் திரும்புவோம். 1886இல் பிராசி பிரபுப் பட்டம் பெற்றார். அவ்வாண்டு நவம்பரில் மீண்டும் கப்பல் புறப்பட்டது. அன்னியும் மகள்களும் பம்பாயில் சேர்ந்துகொண்டார்கள். இந்தியாவைச் சுற்றிப் பார்த்தபின் 1887 தொடக்கத்தில் கொழும்பு, திருகோணமலை. கடற்படை விவகாரங்களில் ஊறியவரான பிராசிக்குத் திருகோணமலைத் துறைமுகம் சுற்றுலா இடமன்று, ஆய்வுப் பொருள். பிறகு இரங்கூன், சிங்கப்பூர், போர்னியோ, ஆஸ்திரேலியா. இந்தப் பயணக் குறிப்புகளில் அன்னியின் குரல் மெலிகிறது. இருந்தும் இறங்கிய ஊர்களில் முதலுதவிப் பயிற்சி வகுப்புகள் தொடங்க வேண்டுமென்று கூட்டம் கூட்டிப் பேசினார். சுடுபட்டுக் கிடந்த பெண்ணுக்கு இதில் ஏன் இத்தனை அக்கறை என்று நாம் கேட்க வேண்டியதில்லை. வட ஆஸ்திரேலியக் கரையில் மலேரியா பிடித்தது. ஆகஸ்டு 29ஆம் நாளோடு நாட்குறிப்பு நிற்கிறது. டார்வினிலிருந்து மொரீஷியஸ் நோக்கிச் செல்லும் வழியில் 1887 செப்டம்பர் 14 அன்று அவர் இறந்தார். வயது நாற்பத்தேழு. அன்று மாலை ஞாயிறு மறையும் வேளையில் உடலைக் கடலில் இறக்கினார்கள்.

'கடைசிப் பயணம்' என்ற பொருளுடைய தலைப்பில் அவருடைய குறிப்புகள் 1889இல் நூலாயின. எஞ்சிய நாட்களைக் கணவர் எழுதி நிரப்பினார். அந்தப் பக்கங்களில் வழிநெடுக இருந்த சமையலும் நனைந்த படுக்கையும் இல்லை. திசையும் காற்றும் தொலைவும் உண்டு. ஒருவர் போனபின் வீடு எப்படி மறுபடியும் கப்பலாகிவிடுகிறது என்று நமக்குத் தோன்றியது அந்த இடத்தில்தான்.

கப்பல் அவருக்குப் பிறகும் நெடுங்காலம் ஓடியது. 1895இல் விக்டோரியா மாகாண ஆளுநராகப் பிராசி அதிலேயே மெல்போர்ன் சென்றார். 1915இல் கலிப்போலிப் போரின்போது அது மருத்துவப் பணிக்குப் போயிற்று. 1916இல் மருத்துவமனைக் கப்பலாகப் பயன்படுத்த இந்திய அரசுக்கு வழங்கப்பட்டது. பிராசி 1918இல் இறந்தார். கைமாறிய சன்பீமை 1929இல் உடைத்தார்கள். முகப்பிலிருந்த பொன் குழந்தை மட்டும் கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.